மேல்மாடிக்கு வந்த ஐஸ்கூழ்

மே 15

அன்புள்ள சின்னவளுக்கு,

இறைவன் அருளால் எல்லோரும் நலம். நேற்று புதன்கிழமை மாலைப் பிரார்த்தனைக்கு, குளிர் நின்றுபோன அந்த நேரத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான். உன் அண்ணன். மூன்றாம் மாடித் தையல்காரம்மா, அவளுடைய மாமியார். இரண்டாம் மாடி பஸ் டிரைவர், அவர் மனைவி. முதல் மாடியில் தனியாக இருக்கும் தபால்காரர். கீழ்வீட்டு நர்ஸம்மா, வேலையை விட்டு ஓய்வு பெற்றாலும் எங்களுக்கு அவள் நர்ஸம்மாதான். எதிர்வீட்டுக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் உள்ளே வரவில்லை. வழக்கம்போல வாசலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு பிரார்த்தனை முடியும்வரை நின்றார். உள்ளே வராதவரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். "யார் யார் இருந்தாங்க, ஒருத்தர் விடாம சொல்லுங்க" என்று நீ கேட்டதால் சேர்த்துவிட்டேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லத்தான் வந்தேன். நீ ஒரு பக்கம் கேள்வி கேட்க, நான் இன்னொரு பக்கம் பதில் சொல்ல, இரண்டும் மோதிக்கொண்டு கடைசியில் "அண்ணி, நீங்க என்னைப் பேசவே விட மாட்டேங்கறீங்க" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அடுப்படியில் நின்றபடி வெகுநேரம் உன்னோடு சண்டை போட்டேன், நீ இல்லாமலே. காலையில் மனம் ஆறியதும்தான் கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. எழுத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வர முடியாது. உன் அண்ணன் காதிலும் விழாது.

நடந்தது இவ்வளவுதான். பிரார்த்தனை முடிந்து எல்லோரும் அவரவர் வீட்டுக்கு இறங்கிப் போனார்கள். தெருக் குழாயிலிருந்து குளிரை எடுத்து அறைக்குள் ஊதும் குளிர்ப்பெட்டியைப் போட்டேன். காற்று வந்தது. குளிர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வரும் என்று காத்திருந்தேன். சன்னலைத் திறந்தால் வரும் காற்றைப் போலவே வெதுவெதுவென்று வந்துகொண்டிருந்தது. கீழ்மாடிகளில் விசாரித்தால் அங்கெல்லாம் குளிர் வந்துவிட்டதாம். எங்களுக்கும் எதிர்வீட்டுக்கும் மட்டும்தான் இல்லை. செயலாளர் வெளியே வந்து, "உங்க நாத்தனார் அனுப்பற கூழ் படியேறும்போது தூங்கிடுச்சு போல" என்றார். நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. அதை விழுங்க வைத்ததற்கு இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

உன் அண்ணன் சன்னலோர மேசையில் நர்ஸம்மாவின் காது மெஷினைப் பிரித்து வைத்திருந்தார். இந்த நரம்பு நோயோடு அவர் உடம்பில் சூடு ஏறினால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நரம்பு வழியே சேதி போகாது. கை இருக்கும், அவர் சொன்னபடி கேட்காது. கடுகைவிடச் சின்னத் திருகாணி ஒன்றை இடுக்கியில் எடுத்தார், விழுந்தது. எடுத்தார், விழுந்தது. பிறகு எல்லாவற்றையும் ஒரு துணியால் மூடிவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

காலையில் குளிர் தானாக வந்துவிட்டது. உங்கள் கம்பெனி ஆள் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று போய்விட்டார். இதுவும் வழக்கம்தான். இந்தக் கோடையில் புதன்கிழமை வந்தாலே நான் பெட்டியின் முன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் கூழை நான் குறை சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. வெறும் குளிர்ந்த தண்ணீர் வந்துகொண்டிருந்த போன கோடையில் இந்த மேல்மாடி எப்படி இருந்தது, உன் அண்ணன் எப்படி இருந்தார் என்பது எனக்கு மறக்கவில்லை. சாப்பாட்டை நான் ஊட்டிவிட்டேன். இந்த வருடம் அவரே சாப்பிடுகிறார், வேலை பார்க்கிறார், என்னை அதிகாரமும் செய்கிறார். படுக்கப் போகும் முன் அன்றன்று கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி செலுத்துவது என் பழக்கம். அதில் உன் பெயர் விட்டுப்போன நாள் இல்லை. நீ போனை வைத்த நேற்று ராத்திரியும் சொன்னேன், கடைசியாக.

புதன்கிழமையை மட்டும் என்ன செய்யலாம் என்று பார்.

அன்புடன்
அண்ணி


மே 22

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் மன்னிப்பு. போனை வைத்தது தப்பு. நன்றிப் பட்டியலில் கடைசி இடம் எனக்கு நியாயமானதுதான்.

இங்கே இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டர் திரையில் உங்கள் தெருக் குழாயைப் பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் கட்டடம் அதில் ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோட்டுக்கு ஒரு முகம் உண்டு, அதன் மேல்முனையில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேறு தொல்லை. சோதனைக்கு அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. ஆனால் தெருவின் பெயரைப் பார்த்ததும் நான் சந்தோஷப்பட்டதை ஒருவர் கவனித்துவிட்டார். அன்றிலிருந்து, உண்மை தெரியாமலே, "சொந்தக்காரங்க தெருன்னா குழாய்க்கும் பாசம் வரும்ல" என்று கேலி.

நீங்கள் எப்போதோ கேட்டீர்கள், தண்ணீரில் ஐஸைக் கலந்தால் மட்டும் அப்படி என்ன ஆகிவிடும் என்று. போனில் நான் சொன்னது எனக்கே புரியவில்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் தெருவின் குழாய் எந்தக் காலத்திலோ போட்டது. ஒல்லி. அதில் குளிர்ந்த தண்ணீரை மட்டும் அனுப்பினால், போகிற வழியில் ஒவ்வொரு மாடியும் அதன் குளிரை எடுத்துக்கொள்ள, மேல்மாடிக்கு மிச்சம் மீதிதான். தடித்த குழாய் போடலாம் என்றால் தெருவையே தோண்ட வேண்டும். அடியில் சாக்கடை, மின்கம்பி, எல்லாம் பின்னிக் கிடக்கிறது. அதனால் ஐஸை மாவுபோல் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து கூழாக அனுப்புகிறோம். ஐஸ் உருகும்போதுதான் நிறையச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கடைசித் துகள் உருகும்வரை கூழ் சூடாகாது. அதே ஒல்லிக் குழாயில் பல மடங்கு குளிர் ஏறி வரும். நாலாவது மாடிவரை உருகாமல் வந்து, உங்கள் பெட்டிக்குள் வந்தபிறகு உருக வேண்டும் என்பதுதான் எங்கள் மொத்தக் கணக்கும்.

இப்போது கெட்ட செய்தி. உங்கள் சங்கத்திலிருந்து புகார் வந்திருக்கிறது. சங்கக் கூட்டத்தில் விழும் ஓட்டில் பெரும்பான்மை வேண்டாம் என்றால் கம்பெனி பழையபடி வெறும் தண்ணீருக்கே மாறிவிடும். வற்புறுத்தமாட்டார்கள். சோதனைதானே என்பார்கள். நானும் இன்னொரு தெருவுக்குப் போய்விடுவேன். அண்ணன் எங்கே போவார்? கீழே ஒரு வீடும் காலியில்லை. முழுக் கோடையும் முன்னால் கிடக்கிறது. அந்த மாடியில் வெறும் தண்ணீரோடு இன்னொரு கோடையை அவர் உடம்பு தாங்காது. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் புதன்கிழமையைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். அன்று உங்கள் பெட்டியை என்ன செய்கிறீர்கள்? எப்போது போடுகிறீர்கள், எப்போது நிறுத்துகிறீர்கள்? வெட்கப்படாமல் எழுதுங்கள். பெட்டிமேல் ஈரத்துணி காயப்போடுகிற ஆட்களையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அண்ணன் ஏன் என் போனை எடுப்பதில்லை? நான் கூப்பிடுவது வேலை முடிந்து மாலையில்தான். எடுப்பதே இல்லை. என்மேல் கோபமென்றால் கோபமென்று சொல்லட்டும். அவருக்காக ஒரு தெருவுக்கே ஐஸ் அனுப்புகிற தங்கையோடு இரண்டு வார்த்தை பேசக் கூடாதா?

அன்புடன்
சின்னவள்


ஜூன் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூழ் விஷயம் இப்போது நன்றாகப் புரிந்தது. அந்தப் பகுதியை உன் அண்ணனுக்கும் நர்ஸம்மாவுக்கும் படித்துக் காட்டினேன், உன் வேலை சம்பந்தமான கேலிப் பேச்சை விட்டுவிட்டு.

சங்கக் கூட்டம் நேற்று எதிர்வீட்டில் நடந்தது. இந்த ஏணியில், அதாவது நம் பக்கத்துக் குழாயில், மொத்தம் ஆறு வீடு. வீட்டுக்கு ஒரு ஓட்டு. எங்கள் வீட்டு ஓட்டு உன் அண்ணன் பெயரில் இருக்கிறது. செயலாளர் எழுந்து, மேல்மாடிக்காரர்கள் படும் பாட்டைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பேசியது நம்மைப் பற்றி என்று எனக்குப் பாதியில்தான் உறைத்தது. பஸ் டிரைவர், இரவில் குழாயில் கடகடவென்று சத்தம் வருகிறது, பகலெல்லாம் வண்டிச் சத்தம், ராத்திரி குழாய்ச் சத்தம், மனுஷன் எப்போது தூங்குவது என்றார். நர்ஸம்மாவும் தையல்காரம்மாவும் கூழே இருக்கட்டும் என்றார்கள். தபால்காரர் தனக்கு எதுவானாலும் சரி என்றார். அவரிடம் வீட்டைக் கொளுத்தலாமா என்று கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

"கூழ் வேண்டாங்கறவங்க கை தூக்குங்க" என்றார் செயலாளர். அவர் தூக்கினார். டிரைவர் தூக்கினார். உன் அண்ணனும் தூக்கினார்.

வலது கை. தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, நேராக மேலே. போன கோடையில் அதே கையை நான்தான் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்தேன். எதற்காகத் தூக்குகிறார் என்பதே எனக்கு ஒரு கணம் மறந்துவிட்டது. இறைவா, உனக்கு நன்றி என்றுதான் முதலில் மனதில் ஓடியது. அப்புறம்தான் கோபம் வந்தது. வந்த கோபம் சாமானியமில்லை.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, உங்களுக்கு என்ன புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்டேன். அவர் நிதானமாகச் செருப்பை ஓரமாக வைத்தார். "அண்ணன் வீட்டுக்காகத்தான் கம்பெனி காசுல சோதனை பண்றான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். அந்தப் பேச்சு அவளுக்கு ஆகாது. அண்ணனே வேணாம்னு சொல்லிட்டா யார் வாயைத் திறக்க முடியும்?" என்றார்.

"அப்புறம் உங்க கை?"

"கை பழகிக்கும்."

சின்னவளே, நான் எந்தக் கேலியைப் படிக்காமல் மறைத்தேனோ அதை அவரே யோசித்து வைத்திருக்கிறார். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மூளை அதிகம். அதை எங்கே பயன்படுத்துவது என்பதுதான் தெரியவில்லை.

ஓட்டு மூன்றுக்கு இரண்டு. ஆனால் நடக்கிற ஒன்றை நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு கூட்டங்களில் ஒரே முடிவு வந்தால்தான் செல்லும் என்று சங்கத்தில் ஒரு விதி இருக்கிறதாம். அடுத்த கூட்டம் இந்த மாதம் பதினைந்தாம் தேதி. அந்த விதியை எழுதியவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதே. வெக்கை ஏறிய மாலைகளில் இப்போது அவருக்குக் கையோடு பேச்சும் குழறுகிறது. நீ கூப்பிடும்போது போனைக் கையில் எடுத்து உன் பெயரைப் பார்ப்பார். அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். "ரெண்டு வார்த்தையிலயே கண்டுபிடிச்சிடுவா. அப்புறம் தூங்கமாட்டா" என்பார். கோபமெல்லாம் கிடையாது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். பெட்டிமேல் நான் துணி காயப்போடுவதில்லை. நர்ஸம்மா போடுகிறாள், நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம். புதன்கிழமை பிரார்த்தனைக்கு முன் எங்கள் பெட்டியை நிறுத்திவிடுவேன். தபால்காரரும் தையல்காரம்மாவின் மாமியாரும் உன் அண்ணன் சரிசெய்து கொடுத்த காது மெஷின் போட்டிருக்கிறார்கள். பெட்டியின் உர்ரென்ற சத்தம் அவர்கள் காதில் லாரி ஓடுவதுபோல் கேட்கிறதாம். கூடம் அமைதியாக இருந்தால்தான் அவர்களுக்கும் ஒரு வார்த்தை விழும். மற்ற வீடுகளிலும் மேலே ஏறி வரும்போது அவரவர் பெட்டியை அணைத்துவிட்டு வருவார்கள். ஆள் இல்லாத வீட்டுக்குக் குளிர் எதற்கு என்று நான்தான் பழக்கினேன். எதிர்வீட்டுக்காரரும் வாசலில் வந்து நிற்கும் நேரத்துக்குத் தன் பெட்டியை அணைத்துவிடுவார். சிக்கனத்தில் அவர் எனக்குமேல். இந்தக் கட்டடத்தில் ஆறு வீடும் ஒன்றுபோலச் செய்யும் காரியம் இது ஒன்றுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, இறைவன் மன்னிக்கட்டும்.

பதினைந்தாம் தேதியை மறந்துவிடாதே.

அண்ணி


ஜூன் 6

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்துவிட்டு என் மேசையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். அண்ணன் கை தூக்கிய பகுதியை மறுபடி படித்தபோது அவர் வராதது நல்லதாயிற்று.

புதன்கிழமை கிடைத்துவிட்டது. நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

ஐஸ்கூழ் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் போச்சு. ஐஸ் தண்ணீரைவிட லேசு, அதனால் நின்ற இடத்தில் பொடியெல்லாம் மேலே மிதந்து ஏறும். ஏறி, உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். ஆறு வீட்டில் ஒரு வீடு பெட்டியைப் போட்டிருந்தாலும் அந்த வீடுவரை ஓட்டம் இருக்கும். நீங்கள் ஆறு வீடும் சேர்ந்து மூடுகிறீர்கள். பிரார்த்தனை நடக்கும் நேரம் முழுவதும் ஏணிக் குழாயில் கூழ் அசையாமல் நிற்கிறது. ஐஸெல்லாம் மிதந்து நாலாவது மாடிக்கு, அதாவது உங்களுக்கும் செயலாளருக்கும் நேராக வந்து இறுகிவிடுகிறது. முடிந்ததும் நீங்கள் திறந்தால் கட்டி வந்து வடிகட்டியில் அடைத்துக்கொள்கிறது. கீழ்மாடிக்காரர்களுக்குத் தெளிந்த குளிர்ந்த தண்ணீர் போய்ச் சேர, அவர்கள் பாட்டுக்குத் தூங்குகிறார்கள். காலையில் எங்கள் ஆள் வருவதற்குள் கட்டி உருகிவிடும். திருடன் தண்ணீராகி ஓடிவிட்டால் போலீஸ் வந்து என்ன செய்யும்?

இப்போது என் பங்கு. ஒவ்வொரு புதன் மாலையும் உங்கள் பச்சைக் கோடு அடிமட்டத்துக்கு விழுந்து கிடந்தது. நான் பார்த்தேன். ஒரு கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் மூடுமா, மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று அந்தத் துண்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். குழாயை வரையும்போதும் அதே நினைப்புதான். ஏறும் குழாயையும் இறங்கும் குழாயையும் உச்சியில் இணைத்து விரல் தடிமனில் ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தால், எல்லோரும் மூடினாலும் கூழ் அதன் வழியே சுற்றிக்கொண்டே இருந்திருக்கும். வைக்கவில்லை. ஆறு குடும்பம் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சங்கக் கூட்டம் எதையாவது ஒரு தடவை பார்த்த யாருக்கும் தோன்றாது. உங்களால் முடியும் என்று நான் நினைத்திருக்க வேண்டும். என் கல்யாணத்தில் இரண்டு வீட்டுச் சம்பந்திகளையும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார வைத்தவர் நீங்கள்.

இனி செய்ய வேண்டியது. சின்னக் குழாயைப் போட வேண்டும். உங்கள் கூடத்துச் சுவரில், நீங்கள் பிரார்த்தனை செய்யும் மர மாடத்துக்குப் பின்னால்தான் அது போகும். அதற்குச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். அதுவரை புதன்கிழமைகளில் மேல்மாடியில் ஒரு பெட்டியாவது ஓட வேண்டும். கீழே ஓடினால் பயனில்லை, கூழ் அங்கேயே திரும்பிவிடும். உங்கள் பெட்டி ஓடினால் பெரியவர்களுக்குக் காது கேட்காது. பிரார்த்தனையைக் கீழே நர்ஸம்மா வீட்டுக்கு மாற்றினால் அண்ணனால் படி இறங்க முடியாது. மிச்சம் இருப்பது எதிர்வீடு.

நான் கம்பெனிக்கு எழுதும் அறிக்கையில் பிரார்த்தனை என்ற வார்த்தை வராது. 'எல்லா வால்வும் ஒருசேர மூடப்படும் நேரங்கள்' என்று மட்டும்தான் இருக்கும். மீட்டரை நம்பாதது என் தப்பு என்றும் இருக்கும். கூட்டத்தில் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் இஷ்டம். பிரார்த்தனையால்தான் குளிர் நின்றது என்று ஒருவர் ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வருடக்கணக்காகக் கூட்டிய கூட்டம். உங்கள் மனசு கஷ்டப்படும்படி எதையும் செய்ய வேண்டாம். வேறு வழி யோசிக்கிறேன், ஆனால் பதினைந்துக்குள் முடியுமா தெரியவில்லை.

அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். என் வேலையை நான் பார்த்துக்கொள்வேன். அவர் கையை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

சின்னவள்


ஜூன் 19

அன்புள்ள சின்னவளுக்கு,

இறைவனுக்கு நன்றி. அடுத்து உனக்கு. அதற்கடுத்து யாருக்கு என்பதைப் படித்தால் நீ நம்பமாட்டாய்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு நிலைகொள்ளவில்லை. கும்பிட நாங்கள் கூடியதால்தான் உன் அண்ணன் கை விழுந்தது என்பதை எப்படி ஜீரணிப்பது? மாடத்தின் முன் உட்கார்ந்தேன். பதில் ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம், கேட்டுத்தானே வாங்கினாய், இப்போது காரணமும் தெரிந்துவிட்டது, இதற்குமேல் என்ன வேண்டும் என்ற நினைப்புதான். எழுந்து போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

செயலாளர் என்னைக் கண்டதும் சண்டைக்குத் தயாராக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் நின்றபடியே சொன்னேன். ஆறு வீடும் ஒன்றாக அணைப்பதுதான் காரணம், அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது நான், இது வேண்டுமென்று செய்ததில்லை என்றேன்.

"அப்போ உங்க பிரார்த்தனைதான் என் வீட்டுக் குளிரையும் கெடுத்திருக்கு."

"ஆமா."

அவர் அதற்கு மேல் பேசுவதற்கு எடுத்துவைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் வீணாகிவிட்டது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இதைக் கூட்டத்துல சொல்லுவீங்களா?" என்று கேட்டார். சொல்லத்தான் போகிறேன் என்றேன். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். கூட்டம் இல்லாத நாளில், இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். நீ எழுதியதை எழுதியபடியே சொன்னேன், ஐஸ் மிதப்பதிலிருந்து காலையில் உருகுவதுவரை. உன் மீட்டர் விஷயத்தையும் சொன்னேன், உன் அனுமதி இல்லாமல். பழியை நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டால் கணக்கு சரியாக வராது. தையல்காரம்மாவின் மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ சாமி கும்பிட்டது தப்பாம்மா?" என்று கேட்டார். எனக்கு அந்த இடத்தில்தான் பயம். நான் வாய் திறப்பதற்குள் நர்ஸம்மா, காது மெஷின் போட்டவள் போடும் சத்தத்தில், "தப்பு கும்பிட்டதுல இல்ல, சுவிட்சுல" என்றாள். கூடமே சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தார்.

அடுத்தது, புதன்கிழமை மேல்மாடியில் யார் பெட்டி ஓடுவது என்று பேச்சு வந்தது. நான் வாய் திறப்பதற்குள் செயலாளரே, "நான்தான் உள்ளே வர்றதில்லையே. என் பெட்டி ஓடட்டும்" என்றார். எல்லோரும் செய்வதற்கு எதிராகச் செய்யும் வேலை என்பதால் அவருக்குப் பிடித்திருக்கலாம். எப்படியோ, இறைவனுக்கும் உனக்கும் அடுத்தபடி நான் நன்றி சொல்ல வேண்டியவர் அவர்.

டிரைவர் மட்டும் சத்தத்தைப் பற்றித் திரும்பவும் ஆரம்பித்தார். குழாய் போட வரும் ஆள், அவர் வீட்டுச் சுவரில் ஆடும் இடத்தையும் இறுக்கிக் கட்டிவிட்டால் சரி என்று ஒத்துக்கொண்டார். இதை உன் அறிக்கையில் சேர்த்துவிடு, நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். கூழ் இருக்கட்டும், சின்னக் குழாயும் போடட்டும் என்று ஐந்து வீடு கை தூக்கியது. தபால்காரர் கூடத் தூக்கினார், எதற்கென்று பக்கத்தில் கேட்டுக்கொண்டு. உன் அண்ணன் தூக்கவில்லை. "தங்கச்சி சம்பந்தப்பட்டது. நான் சும்மா இருக்கேன்" என்றார். செயலாளர் விடவில்லை. "போன தடவை சும்மா இல்லையே, அப்போ மட்டும் யார் தங்கச்சி?" என்றார். உன் அண்ணன் குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கினார்.

நேற்று புதன்கிழமை. எல்லோரும் வந்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கதவுகளுக்கு அப்பால் எதிர்வீட்டுப் பெட்டி ஓடும் சத்தம் கேட்கிறதா என்றே காது போனது. ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் நம் பெட்டியைப் போட்டேன். முதல் காற்றே குளிர்ந்து வந்தது. உன் அண்ணன் மேசைக்குப் போய்த் தபால்காரரின் மெஷினைத் திறந்தார். திருகாணியை இடுக்கியில் எடுத்தார். உள்ளே வைத்தார். திருகினார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

இன்று காலை உங்கள் கம்பெனிக் கடிதம் வந்தது. சின்னக் குழாய் போடச் சம்மதமாம். மாடத்துச் சுவரைத் துளைக்கட்டும், நான் மாடத்தை நாலு அடி தள்ளி வைத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை நடக்கும் ஜூலை 4, 5 இரண்டு நாளும் இந்த ஏணி முழுவதையும் மூடிவிடுவார்களாம். ஆறு வீட்டிலும் குளிர் இருக்காது. உன் அண்ணன் அந்த இரண்டு நாளை எங்கே கழிப்பது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அவர் தலை நிமிராமல், "அவ வீட்டுக்குப் போவோம். ஐஸை எப்படிப் பொடி பண்றாங்கன்னு பாக்கணும்" என்றார். கோடையில் இந்த மாடியை விட்டு இறங்கி எத்தனை காலமாயிற்று என்று உனக்கே தெரியும். டிரைவரும் தபால்காரரும் நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்குகிறோம் என்கிறார்கள். வெயில் ஏறுமுன் புறப்படும் ரயில் ஒன்று இருக்கிறது. வழியெல்லாம் போர்த்திக்கொள்ள நர்ஸம்மா ஈரத்துண்டுகள் தருவாள், அவளுக்குத்தான் காயப்போட இடம் இருக்கிறதே.

உன் வீட்டில் அவர் படுக்கும் அறை குளிராக இருக்குமா, லிஃப்ட் வேலை செய்கிறதா, அந்த இரண்டு நாளும் நீ ஊரில் இருக்கிறாயா, இந்த மூன்றும் எனக்குத் தெரிய வேண்டும். டிக்கெட் எடுக்க வேண்டும், சீக்கிரம் பதில் எழுது.

அன்புடன்
அண்ணி